தாயம்மா கேட்ட சர்க்கரை

“எனக்குச் சக்கரை கீதுன்னு எழுதிக் குடு கண்ணு” என்றாள் தாயம்மா.

பூந்தமல்லி லேப்பில் ராபியா வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். ‘சர்க்கரை இல்லை’ என்று எழுதச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். இது புதுசு.

“வெறும் வயித்துல எண்பத்தாறு. நல்லா இருக்கீங்கம்மா.”

“நல்லா கீறதுதான் ரோதனை! ரெண்டு மாசமா எனக்குச் சக்கரைன்னு சொல்லி ஊட்ல எல்லாருக்கும் களியும் கீரையும்தான். காலைல மருமவள இஸ்துகினு ஏரிக்கரைல நடை. எங்க ஊட்டுக்காரரு நாக்கு செத்துப்போய், ‘எங்கடி சக்கரை? பேப்பரக் காட்டு’ன்றாரு.”

ராபியாவுக்குக் கோபம் வந்தது. “உங்க வீம்புக்கு அந்தப் பொண்ணு என்னம்மா பாவம் பண்ணுச்சு?”

வெளியே பெஞ்சில் இருந்த மருமகள் நாகவல்லியைப் பார்த்துவிட்டு, தாயம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“அவளுக்காகத்தான் கண்ணு. சினைப்பைல நீர்க்கட்டி. ரத்தத்துல சக்கரையும் கொழுப்பும் ஏறுது, உடம்பு எளைச்சாத்தான் புள்ள தங்கும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அவளுக்குத் தனியா சமைச்சா சீக்காளின்னு பேராயிடும். பையனுக்கு வேற பொண்ணு பாக்கலாம்னு என் நாத்தனா காத்துகினு கீறா. சீக்கு எனக்குன்னா எவ கேப்பா? ஆமா, அவளுக்குப் போன தபா நூத்தி இருவது. இன்னிக்கு?”

“நூத்தி எட்டு.”

“பாத்தியா! களி வேலை செய்யுது. எழுது, எழுது!”

ராபியாவின் பேனா ஒரு கணம் தாளருகே போனது. ஆனால் அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. முதல் வேலை. கையெழுத்து அவளுடையது.

“மன்னிச்சிடுங்கம்மா. பொய் எழுத மாட்டேன்.”

“சரி, வுடு. ஊட்ல இங்கிலீஷ் படிக்கறவ அவ ஒருத்திதான். அவளே படிச்சி என் மானத்த வாங்கட்டும்.”

தாயம்மா ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு தொங்கிய முகத்தோடு வெளியே போனாள்.

“குடுங்க அத்தே.” நாகவல்லி ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தாள். மாமியாரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தாளை நான்காக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

“இருநூத்திப் பத்து! இன்னா அத்தே, இப்டி ஏறிக்கீது? மாமாவுக்கு நானே படிச்சிக் காட்டறேன். நாளைலேர்ந்து நாம ஏரிய இன்னொரு சுத்து சுத்தணும்.”

தாயம்மா மலர்ந்துபோய், ராபியாவைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டாள்.

ராபியா பதறிப்போய் நகலை எடுத்துப் பார்த்தாள்.

எண்பத்தாறு என்றுதான் எழுதியிருந்தாள்.