சுவருக்கு அந்தப் பக்கம்

மேஜை இழுப்பறைக்குள் ஒரே கூச்சல். ஊரில் திருட்டு பயம் என்று வீட்டுக்காரர் பரணிலிருந்து வேட்டைத் துப்பாக்கியை இறக்கித் துடைத்து வைத்திருந்தார். அதற்குள் போகப்போவது யார் என்று தோட்டாக்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“என்னைத்தான் எடுப்பார்!” என்று குதித்தது சிவப்புத் தோட்டா. அதன் வயிறு நிறையப் பெரிய குண்டுகள். “திருடன் எங்கே ஒளிஞ்சாலும் விடமாட்டேன். சுவரையே துளைச்சுக்கிட்டுப் போவேன்!”

“போடா! நான் சிதறுற சிதறல்ல எவன் தப்பிப்பான்?” என்றது பொடிப்பொடிக் குண்டுகள் அடைத்த பச்சைத் தோட்டா.

பக்கத்தில் கிடந்த டார்ச் லைட், “நானும் வரட்டுமா?” என்று கேட்டது.

இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. “எதுக்கு? திருடனுக்கு வழி காட்டவா?”

மேஜைக்குப் பின்னால் இருந்த பலகைச் சுவர் வாயைத் திறந்தது. “எனக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?”

“என்ன?”

“தொட்டில். பாப்பா தூங்குறா.”

சிரிப்பு நின்றது. அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்புறத்தில் தடாலென்று ஒரு சத்தம்! இழுப்பறை திறந்தது. விரல்கள் உள்ளே நுழைந்து துழாவின.

“நீ போ!” என்றது சிவப்பு.

“ஐயோ, நீ போ!” என்றது பச்சை. இரண்டும் உருண்டு போய்க் கடைசி மூலையில் ஒட்டிக்கொண்டன.

“என்னை எடுங்க! என்னை எடுங்க!” என்று விரல்களுக்குள் தாவியது டார்ச் லைட். “நான் சுவர் வரைக்கும்தான் போவேன்!”