அணைக்கக் கூடாத லேப்டாப்

“ஷட்டரைப் பாதி இறக்கு தம்பி. எங்க ஊர்க்காரப் பய எவனாச்சும் பாத்துறப் போறான்” என்றார் பேயாண்டி. பேரையூரிலிருந்து காளவாசல் வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மஞ்சள் பையைப் பிரித்து, ஒரு பழைய லேப்டாப்பை மேஜைமேல் வைத்தார்.

லேப்டாப் ரிப்பேர் கடைக்காரன் ராம்கி ஷட்டரை இறக்கினான். ரகசியத்தோடு கடைக்கு வருகிறவர்களை அவனுக்கு எப்போதுமே பிடிக்கும்.

“என்னண்ணே செய்யணும்?”

“இது மந்தமாக் கெடக்கு. நல்ல ப்ராசசரா மாத்தி, அதையும் முடிஞ்ச மட்டும் முடுக்கி விட்டுரு. மூணு வாரம் ராப்பகலா ஓடணும். கரண்டு போனாலும் நிக்கக் கூடாது. பேட்டரியும் புதுசாப் போடு.”

ராம்கியின் காது விடைத்தது. ராப்பகலாக ஓடணும், ஊருக்குத் தெரியக் கூடாது. சந்தேகமே இல்லை, பிட்காயின்தான். கம்ப்யூட்டரை ஓயாமல் கணக்குப் போட வைத்துக் கோடீஸ்வரன் ஆனவர்களை அவன் யூடியூபில் நிறையப் பார்த்திருந்தான். அதில் ஒருவர் பேரையூரிலிருந்து வேட்டி கட்டிக்கொண்டு வருவார் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

தன் சொந்த லேப்டாப்புக்கென்று பத்திரப்படுத்தியிருந்த ப்ராசசரையே எடுத்து மாட்டினான். ப்ராசசரின் சூட்டை இழுக்கும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவினான். ஃபேனைத் துடைத்தான். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுவான், முழுச் சுமையில் ஓடவிட்டுச் சூட்டைப் பார்ப்பான், மறுபடி கொஞ்சம் ஏற்றுவான்.

“ஒரே தூக்கா தூக்கிர வேண்டியதுதான? எதுக்கு இம்புட்டு நேரம்?”

“அப்புடித் தூக்குனா கருகிரும்ண்ணே. சூடு ஒரு அளவோட நிக்கணும்.”

“ஆத்தாடி, கருகிறக் கூடாது!” பேயாண்டி பதறிவிட்டார். லேப்டாப்பின் பக்கவாட்டில் காற்று வரும் இடத்தில் புறங்கையை வைத்துக் கண்ணை மூடினார். “காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி இருக்கு. இதான் கணக்கு. இதுக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம். இப்ப என்ன ஓடுதோ அதையே ஓட விட்டுக் குடுத்துரு.”

“இது சும்மா டெஸ்ட் பண்ற ப்ரோக்ராம்ண்ணே.”

“இருந்துட்டுப் போகுது. எனக்கு இது போதும்.”

சரியான அழுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டான் ராம்கி. உண்மையான ப்ரோக்ராமைத் தன் எதிரிலா போடுவார்? வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்வார். அவன் குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணே, நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு எனக்குத் தெரியும்.”

பேயாண்டியின் முகம் தொங்கிப்போனது. “எப்புடிப்பா கண்டுபிடிச்ச?”

“தொழில்ல இருக்கம்ல. வெளிய மூச்சு விட மாட்டேன். ப்ராசசருக்கும் காசு வேணாம், வேலைக்கும் வேணாம். வர்றதுல எனக்கும் ஒரு பங்கு குடுங்க, அது போதும்.”

“அம்புட்டுத்தானா?” அவருக்கு உயிர் வந்தது. “எல்லாம் நல்லபடியா வந்தா உனக்கு ரெண்டு. எங்க குலசாமி மேல சத்தியம்.”

ரெண்டு பிட்காயின்! ஒன்று வந்தாலே ஏழு தலைமுறைக்குக் காணும்.

மறுநாளே ராம்கி தன் பழைய வண்டியை விற்றான். அந்தப் பணத்தைப் புது புல்லட்டுக்கு முன்பணமாகக் கட்டி, மிச்சத்தை மொத்தமாகத் தருகிறேன் என்று ஷோரூமில் மார்தட்டிவிட்டு வந்தான். அதுவரைக்கும் அவனியாபுரத்திலிருந்து கடைக்கு ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வந்தான். நசுங்கும்போதும் அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது.

இடையில் பொறுக்க முடியாமல் போன் போட்டான். “அண்ணே, ஏதாச்சும் தேறுமா?”

“எல்லாம் தேறும். போன்ல பேசாத, பக்கத்துல ஆளு இருக்கு” என்று சொல்லிக் கட் செய்தார் பேயாண்டி. தொழில் தெரிந்த மனுசன் என்று ராம்கி மெச்சிக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து மனுசன் நேரிலேயே வந்தார். இந்தத் தடவை ஷட்டரை அவரே இறக்கினார். முகமெல்லாம் பல்.

“நெனச்சதுக்கு மேலயே வந்துருச்சு தம்பி. உன் கைராசி. சொன்ன சொல்லு மாற மாட்டேன், இந்தா ரெண்டு.”

அதே மஞ்சள் பை மேஜைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து ஷோரூமிலிருந்து போன் வந்தது. “வண்டியத் தொடச்சு வைங்க, பத்து நிமிசத்துல வாரேன்” என்று சொல்லி வைத்துவிட்டு, பென்டிரைவாகத்தான் இருக்கும் என்று ராம்கி ஆசையாகப் பைக்குள் கையை விட்டான்.

உள்ளே ஏதோ சுருக்கென்று குத்தியது. அலறிக்கொண்டு கையை இழுத்தான்.

“மெதுவாத் தொடுப்பா, நேத்துப் பொரிச்ச பெருவெடைச் சண்டைக்கோழிக் குஞ்சு! பல்பு வச்சு அடைகாத்தப்பல்லாம் கரண்டு போயிக் கூமுட்டையாப் போச்சு, நீ முடுக்கி விட்ட லேப்டாப்புச் சூட்டுலதான் ஒரு முட்டைகூட வீணாகல!”