கடல்மட்டம்

அப்புத்தளை முகட்டிலிருந்த வானிலை அறையில் ஜெமீலாவுக்குக் காற்றழுத்தம் கணக்கிடும் வேலை. மலைமேல் காற்றின் பாரம் குறைவு. அதனால் மலையின் உயரத்துக்கு உரியதைக் கூட்டிய பிறகே அந்த எண்ணைக் கடலோர ஊர்களின் எண்களோடு வைத்துப் புயலைக் கணிப்பார்கள்.

எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலில், கல்முனைக்குக் கருவாடு வாங்கப் போன அவள் கணவன் ஹுமைதைக் கடல் கொண்டுபோனது. அடக்கம் செய்ய மையித்து கரைக்கு வரவில்லை. நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்து, இத்தா முடிந்து வேலைக்குத் திரும்பியவள் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

ஒருநாள் காலை பாரமானியில் பாதரசம் வழக்கத்துக்கு மீறி உயர்ந்து நின்றது. எதையும் கூட்டாமலே கடல்மட்டத்து எண்.

"மானி பழுதாப் போச்சுங்களா, மிஸ்?" என்று கேட்டார் காவல்காரர் சின்னராசா.

அவள் இன்னொரு மானியையும் பார்த்தாள். அதே எண்தான்.

"இல்லங்க. இந்தக் கணக்குப்படி கடல் நம்ம வாசல்ல இருக்கணும்."

வெளியே மூடுபனி. மழைமானியைப் பார்த்துவரும் நேரமாகியிருந்தது. ஜெமீலா செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள்.

"செருப்பு போட்டுட்டுப் போங்க மிஸ். புல்லுல அட்டை இருக்கு."

"நனைஞ்சிரும்," என்றாள்.

சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.