ஜப்பான் படத்தின் கடைசி வரி

முதலில் பார்த்தது ஜப்பான் படமா, அதையே அமெரிக்காக்காரன் திரும்ப எடுத்த படமா என்று அறிவழகனுக்கு இப்போது நிச்சயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆலத்தியூர்ச் சாலையில் லாரி ஓட்டம் குறைந்திருந்தது. அந்த அளவுக்கு நினைவிருக்கிறது.

இரண்டும் மகளின் லேப்டாப்பில் இருந்தன. வெற்றிச்செல்விக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். "ரெண்டையும் பாத்துட்டு எது ஒசத்தின்னு சொல்லும்மா" என்று கமலவேணியை நச்சரித்துக்கொண்டே இருப்பாள்.

காலேஜுக்கு ஸ்கூட்டியில் போனவளைச் சுண்ணாம்புக்கல் லாரி அடித்துவிட்டது. கருமாதி முடிந்த பிறகுதான் அம்மாவுக்குப் படம் பார்க்க நேரம் கிடைத்தது.

இரண்டிலும் கதை ஒன்றுதான். செத்துப்போன சிறுமி அந்தியில் வீட்டுக்கு வருகிறாள். தாய் சோறு போடுகிறாள். சாப்பிட்டவள் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இருட்டில் இறங்குகிறாள்.

அமெரிக்கப் படம் தமிழ் பேசியது. "போறேம்மா" என்றாள் சிறுமி. கதவு சாத்திக்கொண்டது. பிறகு அவள் வரவேயில்லை.

ஜப்பான் படத்தில் கீழே தமிழ் எழுத்து ஓடியது. அந்த வேகத்துக்குக் கமலவேணிக்குப் படிக்க வராது. அறிவழகன்தான் வரிவரியாக வாசித்தான்.

"போயிட்டு வரேம்மா."

படத்தில் மறுநாள் அந்தியில் அந்த வாசலில் ஈரச் செருப்பு கிடந்தது.

"இதாங்க ஒசத்தி" என்றாள் கமலவேணி. "அமெரிக்காக்காரி புள்ளைக்கு ஒரு வார்த்தை ஒழுங்கா சொல்லிக் குடுக்கல பாருங்க. போறேன்னு சொன்னா எப்படி வரும்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் கமலவேணி அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அன்னைக்கு நான் கொல்லையில இருந்தேன். நீங்கதான வாசல்ல நின்னீங்க. நம்ம புள்ள என்னா சொல்லிட்டுப் போனா?"

"போயிட்டு வரேன்னுதான்."

அவள் எழுந்துபோய் வாசல் விளக்கைப் போட்டாள். வெயில் இன்னும் தாழவில்லை.

அவன் ஜப்பான் படத்தில் அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தான். 'போகிறேன்' என்றுதான் எழுதியிருந்தது.

வாய்ப்பழக்கத்தில் மாறியதா, தெரிந்தே மாற்றினானா? அமெரிக்கச் சிறுமியின் 'போறேம்மா'வைக் கேட்ட பிறகு வாசித்தது என்றால் தெரிந்தேதான்; எந்தப் படம் முதலில் என்பது நினைவிருந்தால் சொல்லிவிடலாம்.

மகள் சொன்னதும் 'போறேன்'தான். அதில் அவனுக்குச் சந்தேகமில்லை.

கமலவேணி இன்றும் அந்தியானால் ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைக்கிறாள். வாசல் கதவைச் சாத்துவதில்லை. அவள் கண்ணயர்ந்ததும் அறிவழகன் அந்தச் சோற்றைத் தின்று தட்டைக் கழுவி வைக்கிறான்.

வெற்றிச்செல்வி வரவில்லை.