வெட்டிய ஓரம்

இருநூறு வருடத்துப் பூப்படங்களின் அடியில் இருந்த எழுத்தைப் பிரேம் கடைக்காரர் தயவுதாட்சண்யம் இல்லாமல் நறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அடப்பாவி! ஏங்க வெட்டறீங்க?” என்று பதறினார், படம் வாங்க வந்த ஓய்வுபெற்ற வாத்தியார்.

“பூவைப் பார்க்கத்தானே சார் வாங்கறாங்க? இந்தப் பழைய பாஷையை யார் படிக்கப்போறா? மூலிகைப் புத்தகத்துப் படம்னு ஒரு வார்த்தை விட்டாப் போதும், கொத்திக்கிட்டுப் போயிடுவாங்க. இதோ, இந்த ஊதாப்பூ படம் ரெண்டு இருந்துச்சு. ஒண்ணை என் பொண்ணுக்கும் அப்படிச் சொல்லித்தான் குடுத்தேன். அதே செடியைத் தேடிப் பிடிச்சு வீட்டுல வச்சுட்டா!”

வாத்தியார் கூடையிலிருந்து அந்த ஊதாப்பூ படத்தின் துண்டை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“அழகுக்கு மட்டும் வளர்க்கவும். இலை கொடிய விஷம். நெஞ்சை நிறுத்திவிடும்.”

கடைக்காரர் உடனே மகளுக்குப் போன் போட்டார்.

“அம்மாடி, அந்தச் செடியில கை வைக்காதே!”

“மெதுவாப் பேசுங்கப்பா. பாப்பாவுக்கு ரெண்டு நாளா ஓயாத இருமல். நீங்கதானே மூலிகைன்னு சொன்னீங்க, இலையைக் கசக்கிச் சாறு குடுத்தேன். இருமல் சுத்தமா நின்னுடுச்சு. அசையாமத் தூங்கறா.”