அனுமதி உள்ள தீ

கண்ணுகளா, சைபீரியாவில் பனி உருகிச் சேறான நிலத்தில், எரிவாயு கசியும் துளைகளை அடைப்பதுதான் பேச்சிமுத்துவின் வேலை. சொந்த ஊரைக் கடல் கொண்டுபோன பிறகு ஒரே மகள் இசக்கியம்மாளோடு அங்கே போனவர். ஒன்பது வருடம் துளை அடைத்தார், நெஞ்சடைத்துச் செத்தார்.

மதியம் பாடை கட்டியாயிற்று. கொள்ளிச்சட்டியில் நெருப்பு மூட்ட மகள் குனிந்தபோது கம்பெனி மேலாளர் தாமோதரன் ஓடிவந்து தடுத்தார்.

"தீக்குச்சி கிழிச்சா எல்லாரும் கூண்டோட போயிருவோம்மா. பொதச்சிருங்க."

"பொதச்சா மண்ணு தாங்குமா சார்? போன மாசம் பொதச்ச மாடசாமி மாமா நேத்து மேல வந்து மிதக்காரு!"

வேலிக்கு அப்பால், கம்பெனியின் உயரமான குழாய் உச்சியில், மண்ணிலிருந்து உறிஞ்சிய வாயு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. இசக்கி அதைக் காட்டினாள்.

"உலகத்தையே கொளுத்திப் போட்டீக. எங்கப்பனுக்கு ஒரு கொள்ளி கிடையாதாக்கும்? அந்தா எரியுதே, அது என்ன கோயில் வெளக்கா?"

"அது கம்பெனி தீ. அதுக்கு அனுமதி இருக்கு."

"அப்ப அதுலயே எங்கப்பன் வேகட்டும். தூக்குங்கய்யா!"

நான்கு பேர் பாடையைத் தூக்கினார்கள். நாற்பது பேர் பின்னால் சேர்ந்தார்கள். நெருப்பில்லாத சட்டியோடு இசக்கி முன்னால் நடந்தாள், கம்பெனி வாசலைப் பார்த்து.