விற்கும் உரிமை

தோல்பை ஏற்றுமதி செய்யும் பெரியவர் உள்ளே நுழைந்ததுமே வங்கி அதிகாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

“வாங்க சார், நல்ல சேதி! உங்க பையன் கடை வெச்சிருக்கிற நாட்டுப் பணம் ரெண்டு நாளா மளமளன்னு சரியுது. ஆனா நீங்கதான் ஆப்ஷன் எடுத்திருக்கீங்களே! பையன் அனுப்புற பணத்தைப் பழைய விலைக்கே எங்ககிட்ட விக்கலாம்.”

பெரியவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். “விக்கணும்னு கட்டாயம் இல்லையேம்மா?”

“இல்ல சார், உரிமை மட்டும்தான். ஆனா யாராவது விடுவாங்களா? அன்னிக்குப் பிரீமியம் கட்ட மூக்கால அழுதீங்க. பையன்தான் போன்லயே பிடிவாதம் பிடிச்சு எடுக்க வெச்சார். முதல்ல அவருக்கு நன்றி சொல்லுங்க!”

“நான் விக்க வரலம்மா. அந்த நாட்டுப் பணத்தைக் கொஞ்சம் வாங்கணும்.”

“வாங்கணுமா? எதுக்கு சார்?”

“அங்க பூகம்பம் வந்துச்சேம்மா, அதனாலதானே பணம் சரிஞ்சுது? கடை இடிஞ்சு விழுந்துடுச்சு, பையன் உள்ளேதான் இருந்தான். அவனை இங்க கொண்டுவரணும். பெட்டிக்கும் விமானத்துக்கும் அந்த ஊர்ப் பணத்துலதான் கட்டணுமாம்.”

அவள் இரண்டு நாளாகத் திரையில் விலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் மெல்லக் கேட்டார்: “இன்னிக்கு மலிவாத்தானேம்மா கிடைக்கும்?”